ஒரே ஒரு பாட்டில் குச்சிக்கிழங்கு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் எனக்கு வேலை. செடியின் நுனிக் குருத்தைக் கடுகளவு வெட்டி, கண்ணாடிப் பாட்டிலில் ஊட்டக் கூழின் மேல் நட்டு, நோயில்லாத செடியாக வளர்த்தெடுப்போம். மூச்சுக்காற்று பட்டாலே கெட்டுவிடும். அதனால் எனக்கு வாயில் முகமூடியும் மனதில் சந்தேகமும் எப்போதும் உண்டு.

என் கணவர் குச்சிக்கிழங்கு விவசாயி; மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் வைப்பது ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற ரகமல்ல, வேகவைத்துத் தின்கிற ரகம். அதில் தேமல் நோய் விழுந்து, இலை மஞ்சளாகிச் சுருண்டு, கிழங்கு விரல் பருமனுக்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அந்த ரகத்தைக் கைவிட்டார்கள். இவர் விடவில்லை. மேலதிகாரியிடம் கெஞ்சி, இவர் கிழங்குக் காட்டிலிருந்து குருத்துகள் எடுத்து வளர்த்தேன். பரிசோதனையில் ஒன்றே ஒன்றுதான் நோயில்லாமல் தேறியது.

ஆயுத பூஜை வந்தது. கத்தி, இடுக்கி, பாட்டில்களை அவிக்கிற பெரிய குக்கர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். செடிகள் இருக்கும் அறைக்கு மட்டும் கதவுக்கு வெளியே ஒரு பொட்டோடு சரி. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் பெருமை தாங்காமல் இவரை உள்ளே கூட்டிப்போய்ப் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். கற்பூரம் காட்டக் கூப்பிட்டதும் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

நாலாம் நாள் கூழின் மேல் பூஞ்சை படர்ந்திருந்தது. நடுவே ஒரு சிட்டிகை திருநீறு.

வீட்டுக்குப் போனதும் கத்தினேன். "ஏனுங்க, மூடியத் தொறந்தீங்களா?"

சோற்றைப் பிசைந்தபடி தலை நிமிராமல் சொன்னார். "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருந்தீங்க. அதுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. பாவமா இருந்துச்சு. துளியூண்டு போட்டு மூடிட்டேன்."

இந்த மனுஷனை என்னதான் செய்வது? தனியே விட்டுப் போனவளும் நான்தானே.

பூஞ்சை பிடித்த பாட்டிலைத் திறக்காமலே அவித்துக் கொட்டுவதுதான் வழக்கம். மறுபடியும் கெஞ்சினேன். எல்லோருடைய வேலையும் முடிந்த பிறகு, பூஞ்சை ஏறாத நுனியை மட்டும் வெட்டி, மருந்தில் கழுவி, புதுப் பாட்டிலில் நட்டுத் தனியாக வைத்தேன்.

அதன்பிறகு இவர் கூடத்துக்குள் வருவதே இல்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வண்டியோடு கேட்டுக்கு வெளியே நிற்பார். வாய் திறந்து கேட்கமாட்டார், என் முகத்தையே பார்ப்பார். நானும் வீம்புக்கு, "உசுரோடதான் இருக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அது வேர் விட்டது. சிறு தொட்டிக்கு மாற்றி, நிழல்வலைக்குள் வைத்துப் பழக்கினேன். நான்கு இலை விட்டதும் கேட்டுக்கு எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாஞ் சாமி. நீயே புடிச்சுக்க. நா வண்டிய மெதுவா ஓட்டுறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நினைவு தெரிந்த நாளிலிருந்து செடி நட்ட கைகள் அவை. பிடித்து இழுத்து, தொட்டியை அவற்றில் வைத்தேன்.

"இனி உங்க கைலதான் இது வளரோணும். புடிங்க."

பின்சீட்டில் உட்கார்ந்து, தொட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வண்டியை நான் ஓட்டினேன்.