மாமா வரி மறக்கவில்லை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீசில் கையெழுத்து மட்டும் வைப்பேன். ஆனால் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வந்து, படகு இயந்திரம் திருத்த நல்ல இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். சின்னப்பிள்ளையும் என் பட்டறையைத்தான் கைகாட்டும். மூதூர் லோஞ்சுக்காரரும் கிண்ணியாவில் வள்ளம் வைத்திருப்பவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். யாரும் கைபிடித்து ஏற்றிவிட்டு நான் ஏறியவன் அல்ல. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று பிறகு ஒருவரும் கேட்கக்கூடாது. ‘ஹாபர் தண்டர்ஸ்’ என்ற இசைக்குழுவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இன்று உயிரோடு இருக்கிற எவருக்கும் தெரியாது. அதில் கிற்றார் வாசித்துப் பாடியவர் என் அம்மாவின் தம்பி, என் சொந்த மாமா.

போன மாதம் என் மகள் கைத்தொலைபேசியைப் பார்த்து ஒன்றை வாசித்துக் காட்டினாள். தண்டர்ஸில் டிரம்ஸ் அடித்த மூதூர் நானாவின் பேரன் ஒருவன் லண்டனில் இருக்கிறான். பாட்டனின் அலுமாரியில் கிடந்த பழைய கசெற்றுகளை எடுத்துக் கணினியில் போட்டு, இரைச்சலைக் குறைத்து, உலகம் முழுக்கக் கேட்கும்படி ஏற்றியிருக்கிறான். நல்ல வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதோடு நின்றிருக்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தன்னுடைய மதிப்பீட்டையும் எழுதிவைத்திருக்கிறான்.

கொழும்புக்குப் போய் அவர்கள் பதித்த அந்தச் சின்ன இசைத்தட்டு மிகக் கச்சிதமாம். மேடையில் வாசித்தவை எல்லாம் நீளம் கூடிப்போனவையாம். இசைத்தட்டில் வராத ‘பேர்ப்பாட்டு’ ஒரு சுவையான முயற்சியாம், ஆனால் நடுவில் ஆட்களின் பெயர்களை அடுக்குவது சலிப்பாம். அந்த அடுக்கின் கடைசியில் பாடகர் வரியை மறந்துபோய் நிற்கிறாராம், டிரம்ஸ்தான் காப்பாற்றுகிறதாம். ஆகவே அந்த இடத்தை வெட்டிவிட்டானாம்.

மகளிடம் சொல்லி உடனே அவனுக்குத் தொலைபேசி எடுப்பித்தேன். பெடியன் மரியாதையாகத்தான் கதைத்தான். அதுவே என் கோபத்தைக் கூட்டியது.

“அங்கிள், அந்த இடத்தில ஒண்டுமே இல்லை. வெறும் டிரம்ஸ் மட்டும்தான் போகுது.”

“ஒண்டும் இல்லாத இடத்தை என்னத்துக்கு வெட்டினனீர்?”

“கேக்கிற ஆக்களுக்கு அது பிழை மாதிரி இருக்கும் அங்கிள்.”

“பிழையோ? எங்கட மாமா மேடையில ஒரு நாளும் வரி மறந்தவரில்லை. வெட்டினதைத் திரும்ப ஒட்டும்.”

பார்ப்போம் என்றான். என் பட்டறையில் நானும் பலருக்குப் ‘பார்ப்போம்’ சொல்லியிருக்கிறேன், அதன் பொருள் எனக்குத் தெரியும். காரணத்தை அவனிடம் நான் சொல்லவில்லை. கடல் கடந்து இருக்கிற ஒரு பெடியனிடம் தொலைபேசியில் சொல்கிற கதையா அது? ஆனால் என் மாமாவின் தலையில் அந்த மறதிப் பழி இனியும் இருக்கக்கூடாது என்பதற்காக இப்போது எழுதுகிறேன்.

முதலில் இசைத்தட்டைப் பற்றி. அதை வைத்துத் தண்டர்ஸை மதிப்பிடுவது பொரித்த மீனைப் பார்த்து அது எப்படி நீந்தியிருக்கும் என்று சொல்வது போன்றது. கொழும்புக்காரர்கள் மாமாவின் கிற்றாரை ஒரு மூலையில் அடக்கி, வயலினை முன்னுக்குக் கொண்டுவந்து, நானாவின் டிரம்ஸுக்கு மேல் துணி போட்டுவிட்டார்கள். மேடையில் அவர் அடித்தால் கரையில் கட்டியிருக்கும் வள்ளங்கள் குலுங்கும். மாமா பகலில் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். அந்த இரும்பின் உறுமலை அப்படியே கிற்றாரில் கொண்டுவருவார். ஒலிபெருக்கியை அவரே பழைய வானொலிகளைப் பிரித்துச் செய்திருந்தார். சத்தம் கரகரக்கும். அந்தக் கரகரப்புத்தான் தண்டர்ஸ். லண்டன் பெடியன் அதைத்தான் இரைச்சல் என்று குறைத்திருக்கிறான்.

மேடைக் கசெற்றுகளிலும் தரம் பார்க்கத் தெரியவேண்டும். உப்புவெளிக் கல்யாண வீட்டில் பதித்ததில் குரல் சரியாகக் கேட்காது. ஆனால் கிற்றார் அதில்தான் உச்சம். நகர மண்டபத்தில் பதித்ததில் எல்லாம் தெளிவு, உயிர் மட்டும் இல்லை, கதிரையில் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு வாசித்தால் அப்படித்தான் இருக்கும். கோயில் திருநாளில் பதித்ததுதான் தங்கம். அதில்தான் பேர்ப்பாட்டு இருக்கிறது.

எங்கள் மாதா கோயில் திருநாளில் பின்னேர ஆசீர்வாதம் முடிந்ததும், கடற்கரைப் பக்கத்து வெளியில் பீப்பாய்களை நிறுத்திப் பலகை போட்டு மேடை கட்டுவார்கள். வேதக்காரர் மட்டும் அல்ல, சைவக்காரர், முஸ்லிம் ஆட்கள், எல்லோரும் வந்து நிறைவார்கள். எல்லோரும் காத்திருப்பது கடைசிப் பாட்டான பேர்ப்பாட்டுக்கு. அதில் இரண்டாவது அடி முடிந்ததும் மாமா கிற்றாரை நிறுத்திவிடுவார். நானாவின் டிரம்ஸ் மட்டும் போகும். அந்த வருடம் திருநாளுக்கு ஊர் வரமுடியாமல் கடலிலும் கப்பலிலும் வெளியூரிலும் இருக்கிற ஆண்களின் பெயர்களை மாமா ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். உப்புவெளிச் சூசை என்பார். சனம் முழுக்க ஒரே குரலில் ‘வருவார்’ என்று சொல்லும். முஸ்லிம் அண்ணன் ஒருவரைக் குறிஞ்சாக்கேணிக் காக்கா என்பார். ‘வருவார்.’ பெண்கள் முன்வரிசையில் நிற்பார்கள். தங்கள் ஆளின் பெயர் வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைப்பார்கள். கொழும்பில் அந்தப் பெயர்களை வெட்டிவிட்டுப் பாடச் சொன்னார்களாம். சூசையைக் கொழும்பில் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்களாம். மாமா பாட்டையே கொடுக்காமல் வந்துவிட்டார். வெளிவராத பாட்டு என்று இன்று எழுதுகிறார்களே, அது தட்டுக்குப் போதாமல் நின்ற பாட்டு அல்ல. தட்டுத்தான் அதற்குப் போதவில்லை.

பட்டியலின் கடைசிப் பெயர் எப்போதும் என் அப்பாவுக்கு உரியது. மாமா பெயர் சொல்லமாட்டார். ‘எங்கட அத்தான்’ என்பார். அந்த ‘வருவார்’தான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம். அப்பா சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்யப் போனவர். நான் நடைபழகிய நாளில் போனார் என்று அம்மா சொல்வார். ஊரே சேர்ந்து என் அப்பாவைக் கூப்பிடுகிறது என்ற எண்ணத்தில் நான் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஒருவனையும் மதிக்கமாட்டேன்.

ஊர் வந்து சேர்ந்தவரின் பெயரை மாமா கூப்பிடமாட்டார். அது அந்தப் பாட்டின் சட்டம். ஒரு வருடம், மேடைக்குப் பக்கத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்த மனிசி ஒருவருக்குத் தன் புருசனின் பெயர் மட்டும் காதில் விழவில்லை. அவர் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். புருசன் வாசலில் உட்கார்ந்து கால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். பின்னேர லோஞ்சில் வந்து இறங்கியவர், வழியில் மாமாவைக் கண்டு காதில் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் நெடுநாள் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சட்டி கருகிய மணம் இன்னும் எனக்கு ஞாபகம்.

கசெற்றில் இருக்கிற திருநாள் அதற்கு அடுத்த வருடத்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். பெயர்கள் போயின. சனம் வருவார், வருவார் என்றது. கடைசி இடம் வந்தது. நான் தொண்டையைத் தயார்படுத்திக்கொண்டேன். மாமா வாயைத் திறக்கவில்லை. கிற்றாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாவின் டிரம்ஸ், ‘எங்கட அத்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம், கூட்டாமல் குறைக்காமல் போனது. பழக்கத்தில் கூட்டத்தின் ஒரு பக்கம் ‘வரு’ என்று தொடங்கி நிறுத்திக்கொண்டது. பிறகு மாமா கிற்றாரை எடுத்து மூன்றாவது அடிக்குப் போனார். அந்தப் பெடியன் வெட்டியது இந்த இடத்தைத்தான்.

எனக்கு வேறு என்ன தோன்றும்? அப்பா வந்துவிட்டார். அம்மாவின் கையை உதறிவிட்டுச் சனத்தின் கால்களுக்கு நடுவால் புகுந்து ஓடினேன். துறைமுக வீதியில் யார் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக் கதவில் நாங்கள் போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியே தொங்கியது. வாசலில் சப்பாத்து இல்லை. திறப்பு அம்மாவிடம் இருப்பதால் அப்பா உள்ளே போகமுடியாமல் இறங்குதுறைக்கே திரும்பிப் போயிருப்பார் என்று எண்ணி அங்கேயும் ஓடினேன். கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம், அப்பா இந்தப் பக்கம் வந்தவரா என்று கேட்டேன். அவர் என்னைத் தெரிந்தவர். தன் சாறத்தைச் சரிசெய்து, என் தோளைப் பிடித்து வீடுவரை கூட்டிவந்து விட்டார்.

அம்மாவும் மாமாவும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். மாமா கிற்றாரைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றார். நான் அவ்வளவு கோபப்பட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பிறகு எத்தனையோ பேரிடம் கோபப்பட்டிருக்கிறேன், ஆட்களைப் பட்டறையை விட்டே கலைத்திருக்கிறேன், ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒன்றும் கிட்ட வராது.

“நீங்கள் அப்பாவை மறந்திட்டீங்கள்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

“ஓம் மருமகன்,” என்றார் மாமா. “மறந்துதான் போனன்.”

அடுத்த நாள் கோயிலடியில் ஆட்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். என்ன, சொந்த அத்தானையே மறந்திட்டீரோ என்று சந்தையில் பகிடி பண்ணினார்கள். சிரித்துக்கொண்டு, வயசு போகுது என்றார். அப்போது அவருக்கு மீசை கூட முழுதாக அடர்ந்திருக்கவில்லை. நானாவுக்கு உண்மை தெரிந்திருக்கவேண்டும். தெரியாத ஆள் அந்த இடத்தை அவ்வளவு அளந்து அடித்திருக்க ஏலாது. ஆனால் அவரும் வாய் திறக்கவில்லை. சாகும்வரை மாமாவுக்கு அந்தப் பகிடி போகவில்லை. ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாத பாட்டுக்காரன் எங்களுக்காக மறதிக்காரன் என்று பெயர் எடுத்தான். இன்று லண்டனில் இருந்து ஒருவன் அதையே எழுத்தில் போட்டு உலகத்துக்குக் காட்டுகிறான். நான் கோபப்படாமல் என்ன செய்வது?

திருநாளுக்குச் சில நாட்கள் முன்னால், அப்பாவோடு ஒரே கப்பலில் வேலை செய்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். அப்பா வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் வேறொரு மனிசியோடு குடும்பமாகிவிட்டார், குழந்தையும் இருக்கிறது, இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரிந்தது நான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. என் அப்பாவின் இடத்தை மாமா தின்றுவிட்டார்.

அந்தத் திருநாள் இரவு நான் சாப்பிடவில்லை. மாமா சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். இனி அவர் வீட்டுக்கு வந்தால் கதைக்கக்கூடாது என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். அம்மா என் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டார். பாயை விரித்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மாமாவோட கோவிக்காதை மகன். அவர் மறக்கேல்லை. நான்தான் விடச் சொன்னனான்.”

“ஏன்?”

“இனி அப்பாவைக் கூப்பிடத் தேவையில்லை.”

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. தூரத்தில் இருக்கிற ஆட்களைத்தானே கூப்பிடுவார்கள். கூப்பிடத் தேவையில்லை என்றால் அப்பா அவ்வளவு கிட்ட வந்துவிட்டார், நாளையோ மறுநாளோ வீட்டில் நிற்பார், அம்மாவும் மாமாவும் சேர்ந்து எனக்கு ஒளித்து வைத்திருக்கிறார்கள். பெரிய ஆட்களின் களவு எனக்கு விளங்காது என்று நினைத்துவிட்டார்கள். அம்மா விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்ததும், நான் பாயைச் சத்தமில்லாமல் இழுத்துக் கொண்டுபோய் வாசற்கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டேன். அவர் எந்த நேரம் வந்தாலும் முதலில் என்னைத்தான் மிதிக்கவேண்டும்.