பவுனின் பல்பொடி

மராட்டி பேசும் போபோடியில் எங்கள் சந்துக் குடிகாரர்கள் இரண்டு பேருக்குத்தான் பயப்படுவார்கள். ஒன்று போலீஸ், இன்னொன்று என் தம்பி பெண்டாட்டி பவுன். போலீஸ்காரர் லத்தியைத் தூக்குவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார். பவுன் துடைப்பத்தைத் தூக்க யோசிக்க மாட்டாள். தெருமுனைச் சாராயக் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் கூடியபோது முன்வரிசையில் நின்று மராட்டியில் கத்தியவள் அவள்தான். ரயில் பாதை ஓரம் கஞ்சா இழுக்கும் பையன்களைக் கண்டால் காறித் துப்புவாள். துப்பியது கறுப்பாக விழும். அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழுதட்டுக்குள் வறுத்த புகையிலையை அடக்கிக்கொண்டு ஊரைத் திருத்தக் கிளம்பிய மகராசி! ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

நான் சரசா. பவுனுக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் குறைதான் சொல்வாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். குறை இருந்தால் சொல்லத்தான் செய்வேன்.

என் தம்பி முனிரத்தினம் ஆர்டனன்ஸ் ஃபாக்டரியில் ஃபிட்டர். அவனும் உத்தமன் இல்லை. சம்பள நாளில் குடிப்பான், மற்ற நாட்களில் சம்பள நாளை நினைத்துக் குடிப்பான். தள்ளாடிக்கொண்டு வந்தால் பவுன் அவனை வாசலிலேயே நிறுத்தி ஏழு தலைமுறையையும் இழுப்பாள். அந்த ஏழில் என் அப்பா அம்மாவும் அடக்கம் என்பது அவளுக்கு ஞாபகம் வராது. திட்டி முடித்த கையோடு உள்ளே போய் டப்பாவைத் திறந்து ஒரு விரல் எடுத்து ஈறில் தேய்த்துக்கொண்டு, அப்பாடா என்று உட்காருவாள்.

குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. மகள் ப்ரீத்தி வயிற்றில் இருந்த சமயம் பல்வலி வந்து துடித்தாள். நாங்கள் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பார்வதி இரக்கப்பட்டு மிஷ்ரி கொடுத்தாள். இந்த ஊரில் பல பெண்கள் பல்லில் தேய்க்கும் கறுப்புப் பொடிக்குத்தான் மிஷ்ரி என்று பெயர். புகையிலையைத் தவாவில் போட்டுக் கரிய வறுத்துப் பொடி செய்தால் மிஷ்ரி, அவ்வளவுதான். வலி மரத்துப்போனது. பல்வலி போய்விட்டது, பொடி போகவில்லை. எழுந்ததும் ஒரு தரம், சாப்பிட்டதும் ஒரு தரம், கோபம் வந்தால் ஒரு தரம், கோபம் தணிந்தால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு தரம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வறுக்க உட்கார்ந்தால் சந்தே இருமும். பிறகு அதே தவாவில் சப்பாத்தி. நான் சொல்லாத சொல் இல்லை. பவுனு, இது புகையிலைடி என்பேன். அவள் சிரிப்பாள்.

“பொகையிலன்னா மெல்றது அண்ணி. இது பல்லு வெளக்கறது. கருகிப்போனதுல இன்னா கீது?”

இது இல்லாவிட்டால் காலையில் வயிறு இறங்காது என்பது அவளுடைய அடுத்த வாதம். கடவுள் குடலை இவள் வயிற்றில் வைத்துவிட்டு அதன் சாவியைப் பார்வதி மாவ்ஷி வீட்டில் வைத்தாராக்கும்! அவள் உள்ளுதட்டில் வெள்ளையாகத் தடித்துப் போயிருந்தது. காரம் பட்டால் எரிகிறது என்பாள். அந்த எரிச்சலுக்கும் மிஷ்ரிதான் வைத்தியம்.

சரித்திர வாத்தியார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போதைப் பொருள்களின் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப வருவது ஒரே புளுகுதான்: இது போதை இல்லை, மருந்து. அபினை வயிற்றுக்கு நல்லது என்றார்கள். பிறகு வெள்ளைக்காரன் அதை இங்கே விளைவித்துச் சீனாக்காரன் தலையில் கட்டினான், வேண்டாம் என்றதற்குச் சண்டைக்கும் போனான். கொக்கெயினைக் குழந்தைகளுக்குப் பல்வலிச் சொட்டு மருந்து என்று விற்றார்கள். விளம்பரத்தில் குழந்தைகள் விளையாடுகிற படம் வேறு. ஹெராயின் கடைக்கு வந்ததே இருமல் மருந்தாகத்தான். புகையிலை போர்ச்சுகீசியன் கப்பலில் வந்து இறங்கி நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் அதைச் சர்வரோக நிவாரணி என்று கொண்டாடினார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். நம் ஆட்கள் வாயிலேயே விட்டுக்கொண்டார்கள். பல்பொடியில் புகையிலை சேர்க்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டு முப்பது வருஷம் தாண்டிவிட்டது. பவுனின் தவாவுக்கு யார் தடை போடுவது?

சாராயம் ஈரலைத் தின்கிறது, இது வாயைத் தின்கிறது. ஈறு வழியாக ரத்தத்தில் ஏறுகிற நிகோடின் நெஞ்சைப் படபடக்க வைக்கும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும், மூளைக்குக் கொஞ்சம் சுகத்தைக் காட்டிவிட்டு அடுத்த தரத்துக்குப் பிச்சை எடுக்க வைக்கும். தெளிந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அடிமையாக இருக்கலாம் என்பதுதான் இதன் விசேஷம். குடித்தவனுக்காவது குடித்திருக்கிறோம் என்று தெரியும்.

போன வருஷம் ப்ரீத்தி உண்டானாள். அவள் புருஷன் ரமேஷுக்குப் பிம்ப்ரியில் தொழிற்சாலை வேலை. வாந்தி நிற்கவில்லை என்று சீக்கிரமே தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அந்த மாதங்களில் நான் நாசிக்கில் என் மகன் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது ப்ரீத்திக்கு ஏழாம் மாதம். வயிறு ஐந்து மாதத்து வயிறுபோல இருந்தது. அத்தை என்று ஓடி வந்து சிரித்தாள். ஈறு கறுத்திருந்தது.

வாந்திக்கு நல்லது என்று பவுனே தன் விரலால் மகள் ஈறில் தேய்த்துப் பழக்கியிருக்கிறாள். அதைப் பெருமையாக வேறு சொன்னாள். இப்போதெல்லாம் ப்ரீத்தி தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாளாம். பெற்றவளா நீ என்று கேட்டேன். நாத்தனார் ஊரிலிருந்து வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு நிற்கிறாள் என்று பார்வதி மாவ்ஷியிடம் போய்ச் சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நஸ்ரின் இளம் பெண், ஹிந்தியில் பொறுமையாகப் பேசுகிறவர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மாதத்துக்குத் தக்கபடி குழந்தை வளரவில்லை என்றார். புகையிலை ஏதாவது உண்டா என்று கேட்டார். வருகிற ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் பவுன் இல்லை என்றிருக்கிறாள். அன்றைக்கும் இல்லை என்றாள். எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று கோபித்துக்கொண்டாள். தன் புருஷன் குடிக்கிறான், அந்த நாற்றம் பட்டுத்தான் குழந்தை இளைத்திருக்கும் என்று ஒரே போடாகப் போட்டாள். அறிந்து சொன்ன பொய் இல்லை அது. மிஷ்ரி புகையிலையே இல்லை என்று அவள் நிஜமாகவே நம்பினாள். அது பொய்யைவிடக் கேவலமாக எனக்குப் பட்டது.

இந்தப் பெண் தினமும் மிஷ்ரி தேய்க்கிறாள் என்று நான்தான் டாக்டரிடம் உடைத்துச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். பிறகு மூன்று பேரையும் உட்காரவைத்து விளக்கினார். குழந்தைக்குச் சாப்பாடும் காற்றும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போக வேண்டும். புகையிலை அந்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. போதாததற்கு, தாய் தேய்த்தது குழந்தையின் ரத்தத்துக்கும் போகிறது. இன்றைக்கே நிறுத்தினால் மீதி இருக்கிற நாட்களில் குழந்தை கொஞ்சமாவது தேறலாம். நிறுத்தாவிட்டால் தங்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பவுன் வீட்டுக்குள் நுழைந்ததும் என்மேல் பாய்ந்தாள். யாரோ எவளோ முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டேனாம். வயிற்றுக்குள் ஒரு உயிர் ஊசலாடுகிறது, இவளுக்கு மானம் போய்விட்டதாம். உன் மானம் பார்வதி வீட்டு டப்பாவில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்றேன். அவளும் சும்மா விடவில்லை, நானும் விடவில்லை. நடுவில் ப்ரீத்தி அழுதுகொண்டே சொன்னதுதான் எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்தது.

“நீ வுட்டா நானும் வுட்டுடறேம்மா. நீ எதிர்லயே போட்டுகினு இருந்தா என்னால முடியாது.”

பவுன் மகள் வயிற்றில் கை வைத்தாள். இந்தப் பிள்ளைமேல் ஆணை, இனி தொட மாட்டேன் என்றாள். டப்பாவைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள். தவாவையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அந்த முதல் சில நாட்கள் நான் அங்கேயே தங்கினேன். அந்தக் கண்ணராவியைச் சொல்லி மாளாது. தாய்க்கும் மகளுக்கும் தலைவலி, எரிச்சல், கை நடுக்கம். ப்ரீத்தி தட்டைத் தூக்கி எறிந்தாள். பவுன் உப்புச் சரியாக இருந்த பருப்பில் உப்பில்லை என்று ஆடினாள். பல்பொடிதானே, பல் விளக்காததற்கா இந்த ஆட்டம் என்று கேட்டேன். அன்றைக்கு நிதானத்தில் இருந்த என் தம்பி, ஒரு பொடியை விட முடியவில்லை, என்னை மட்டும் விடு விடு என்கிறாயே என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காக அவன் குடியை மன்னித்துவிட நான் தயாராக இல்லை. வாயை மூடு, நீ வேறு தனி ஜாதி என்றேன்.

ஆனால் ப்ரீத்தி பிடித்துக்கொண்டாள். ஏலக்காய் மென்றாள், அழுதாள், தூங்கினாள், மறுபடி அழுதாள், பொடியை மட்டும் தொடவில்லை. பசி எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அடுத்த ஸ்கேனில் குழந்தை கொஞ்சம் கூடியிருந்தது. நான் என் வீட்டுக்குத் திரும்பினேன்.

பவுனுக்கு இப்போது புதுப் பெருமை வந்துவிட்டது. குடிகாரர்களோடு மிஷ்ரிக்காரிகளையும் திருத்தக் கிளம்பிவிட்டாள். தெருக் குழாயடியில் எல்லோரும் பார்க்கும்படி பிரஷ் வைத்து, வாயெல்லாம் நுரையாக நிற்பாள். பார்வதி மாவ்ஷிக்கே நிகோடினைப் பற்றிப் பாடம் நடத்தினாள், நான் சொன்னதையெல்லாம் தான் கண்டுபிடித்ததுபோல. சகிக்கவில்லைதான். இருந்தாலும் விட்டுவிட்டாளே, அந்த மட்டும் சந்தோஷம் என்று பேசாமல் இருந்தேன்.

நாள் நெருங்குவதற்கு முன்பே ப்ரீத்திக்கு வலி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், உரித்த கோழிக்குஞ்சு மாதிரி. தாய் அத்தனை வாரம் நிறுத்தியிராவிட்டால் இதுவும் கிடைத்திருக்காது என்று டாக்டர் நஸ்ரின் சொன்னார்.

பெட்டியிலிருந்து எடுத்த அன்று அவர் எங்களைக் கூப்பிட்டார். இனிமேல் மனித உடம்புச் சூடுதான் குழந்தைக்கு வேண்டும், வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு ப்ரீத்திக்கு வந்த காய்ச்சல் இறங்கவில்லை. பாட்டி செய்யலாமே என்று நர்ஸ் சொன்னாள். டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். வைத்துக்கொள்கிறவருக்குப் புகையிலை எந்த ரூபத்திலும் இருக்கக் கூடாது. அந்த மூச்சும் வியர்வையும் இந்தக் குழந்தைக்கு ஆகாது.

என் மாமியார் விட்டு இரண்டு மாசமாகிறது டாக்டர் என்று ரமேஷ் முந்திக்கொண்டு சொன்னான். கட்டிலில் கிடந்த ப்ரீத்தி, அம்மா விட்டதால்தான் தானும் விட்டதாக ஹிந்தியில் சொல்லிச் சிரித்தாள். பவுன் கையைக் கழுவிக்கொண்டு, நர்ஸ் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நர்ஸ் குழந்தையைத் துணியிலிருந்து பிரித்து எடுத்து வந்து நீட்டினாள். பவுன் வாங்குவதற்குக் கையை நீட்டினாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எங்கிட்ட குடுக்காதீங்க” என்றாள். “காலைல போட்டுகினுதான் வந்தேன்.”

என்ன சொல்கிறார் என்று டாக்டர் எங்களைக் கேட்டார். பவுனே டாக்டரைப் பார்த்து, மிஷ்ரி என்றாள். ரோஜ் என்றாள். தினமும். ஒரு நாளும் விடவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாக்கடையில் கொட்டியது, குழாயடி நுரை, வயிற்றில் அடித்த சத்தியம், அத்தனையும் வேஷம். சீ என்று வந்தது. பேசாமல் குழந்தையை வாங்கியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்பதும் எனக்குத் தெரிந்தது.

ரமேஷ் சட்டையைக் கழற்றினான். நர்ஸ் குழந்தையை அவன் மார்பில் வைத்துத் துணியால் கட்டினாள். ப்ரீத்தி குழந்தையைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

“அப்போ நான் மட்டும் தனியாவாம்மா வுட்டேன்?”

பவுன் அங்கியைக் கழற்றி மடித்து நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.