விதைக்கு விட்ட பாத்தி

அடையாற்றங்கரைப் பூங்காவில் காலையில் நடந்துகொண்டிருந்தபோது, தோட்டவேலை செய்யும் பெண் பிடுங்கிக் குவித்திருந்த களையிலிருந்து, வெயிலில் வதங்கும் முற்றிய முளைக்கீரையின் வாசம் வந்து என்னை நிறுத்திவிட்டது.

பூங்கா வருவதற்கு முன், எங்கள் ஆறு குடிசைகளும், நாங்கள் எல்லோரும் சேர்ந்து பயிர் வைத்த கீரைப் பாத்திகளும் இங்கேதான் இருந்தன. ஐப்பசி மழைக்கு முன்னால் அறுப்பு முடிந்துவிடும். கடைசிப் பாத்தியை மட்டும் யாரும் தொடாமல் விதைக்கு விட்டுவிடுவோம், அது என் தலைக்கு மேல் வளர்ந்து காய்ந்து பழுப்பேறியதும் பக்கத்து வீட்டு சரோஜா அத்தை தன் பழைய புடவையை விரிப்பாள், எல்லோரும் உட்கார்ந்து கதிர்களைத் தட்டத் தட்ட மணல் மாதிரி கறுப்பு விதை சரசரவென்று கொட்டும், அதை அத்தை டீ கிளாஸில் அளந்து வீட்டுக்கு ஒரு கிளாஸ் கொடுப்பாள்.

ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எங்களுக்கு வீடு ஒதுக்கி, குடிசைகளை இடிக்க அதிகாரிகள் நம்பர் எழுதிய வருஷமும் விதை தட்டினோம். ஆனால் அத்தை கிளாஸை எடுத்தபோது யாரும் துணியை நீட்டவில்லை.

"மூணாவது மாடில இத்த எங்க வெதைக்கிறது?" என்றாள் என் அம்மா.

அத்தை விரித்த புடவையை விதையோடு தூக்கிப் பாத்தி முழுக்க உதறினாள்.

"இன்னாக்கா இது?" என்று களை பிடுங்குகிறவளிடம் கேட்டேன்.

"முத்துன கீரம்மா. எவன் வெதைச்சானோ, எத்தினி வாட்டி புடுங்கினாலும் மொளைச்சிக்கினே கீது."