குடை சாயும் பக்கம்

வெயில் உச்சந்தலையைப் பிளக்கிறது. கஸ்பார் குடையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இடப்பக்கம் சாராயக்கடை. அரசாங்கம் போன வருஷம்தான் அதைத் திறந்தது. அன்றே கஸ்பார் குடையைத் திறந்துவிட்டார். கொஞ்சம் தள்ளி வலப்பக்கம் சாய்க்கிறார், அங்கே சீட்டாடுகிறார்கள். குடை சாயும் பக்கம் பாவம் இருக்கிறதென்று தூத்துக்குடிக் கடற்கரைத் தெரு முழுக்கத் தெரியும்.

கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. வயது ஐம்பத்து மூன்று. பாவத்துக்கு ஏதுவான சமயங்களை விலக்குவேன் என்று சிறுவயதில் படித்த ஜெபத்தை இப்படி விடாப்பிடியாகக் கடைப்பிடித்தவர் ஊரில் வேறு யாருமில்லை. கோபம் வரும் என்று ரேஷன் வரிசையில் நிற்கமாட்டார், மனைவி ஆக்னஸ்தான் நிற்பாள். போஜனப்பிரியம் பாவம் என்பதால் அவள் வைக்கும் சீலா மீன் குழம்பை ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. அவர் சேர்க்கும் புண்ணியத்தையெல்லாம் சுமப்பவள் அவள்தான்.

வழியில் ஒரே ஒரு இடம் சிக்கல். இடப்பக்கம் அக்காள் பிளாரன்ஸ் வீடு. வலப்பக்கம் சினிமா நோட்டீஸ் ஒட்டும் சுவர். அம்மா கும்பிட்ட அந்தோணியார் சுரூபம் யாருக்கு என்பதில் ஏழு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அக்காளைக் கண்டால் கோபம், சுவரைக் கண்டால் மோகம், கையில் இருப்பதோ ஒரு குடை. அங்கே மட்டும் பத்தடி தூரம் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்.

தவக்காலத்தில், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, விலக்கிய பாவங்களை வரிசையாக ஒப்பித்தார். கேட்டுக் கேட்டு அலுத்த சாமியார், செய்த நல்ல காரியம் என்ன என்று குறுக்கே கேட்டார்.

“நல்ல காரியமா? விலகுததுக்கே நேரம் சரியாப் போவுதே, சாமி.”

“அப்போ இந்தத் தடவ உமக்குப் பாவமன்னிப்பு கெடையாது. ஒரே ஒரு நல்ல காரியம் செஞ்சிட்டு வாரும்.”

கஸ்பார் ஆடிப்போனார். முப்பது வருஷமாக ஈஸ்டர் நற்கருணை தவறாதவர், மன்னிப்பு இல்லாமல் அதை வாங்க முடியாது. அன்றிலிருந்து நல்ல காரியத்தைத் தேடி அலைந்தார். காசு போடலாமென்றால் பிச்சைக்காரன்மேல் சாராய வாடை. மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிவிடலாமென்றால் சுமப்பவள் பெண்பிள்ளை. புண்ணியம் இருக்கிற இடத்திலெல்லாம் பாவமும் ஒட்டிக்கொண்டு நின்றது. ஈஸ்டருக்கு மூன்று நாள் முந்திய பெரிய வியாழனும் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் வழக்கமான இடத்தில் கண்ணை மூடி நடந்தவரின் கால் ஒரு குடத்தில் இடித்தது.

“ஏலே கஸ்பாரு, மிதிச்சிராத. நான்தான். தல சுத்துது, செத்த நேரம் இருந்துட்டுப் போறேன். நீ போ.”

கண்ணைத் திறந்தார். தண்ணீர்க்குடத்தோடு நடுத்தெருவில், கொதிக்கிற மண்ணில் உட்கார்ந்திருந்தாள் பிளாரன்ஸ் அக்காள். தலை முழுக்க நரைத்திருந்தது. குடைக்கும் மூடிய கண்ணுக்கும் அந்தப் பக்கம் இவ்வளவு நடந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. கோபம் வருமென்றுதான் பயந்தார், வந்தது அழுகை. அதை அவள் பார்த்துவிட்டால் கேவலம்.

குடை மெல்ல நகர்ந்து அக்காள் தலைக்கு மேல் நின்றது. கஸ்பார் முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பி, சுவரில் நனைந்த சேலையோடு சிரித்துக்கொண்டிருந்த கதாநாயகியை இமைக்காமல் பார்த்தபடி நின்றார்.