தொள்ளாயிரம் ரூபாய் கரண்ட்

மாடிப்படி ஏறுவதற்கு முன் அமிர்தம் மகனின் தலையைப் பிடித்துக் குனிய வைத்து மோந்து பார்க்கிறாள். எண்ணெய் வாசம் இருக்கிறதா என்று சோதனை. மீனின் செவுளைத் தூக்கி மோந்தே நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடுகிற மூக்கு அது, ஏமாற்ற முடியாது. இருபத்திரண்டு வயது விஜயகுமார், கடைத்தெருவே பார்க்கக் குனிந்து நிற்கிறான். "கொஞ்சூண்டு எண்ண இருந்தாகூட கரண்ட் ஏறாதுடா. போன தடவ திருப்பி அனுப்பிச்சிட்டாங்கல்ல? பஸ்ஸு காசு எவன் குடுப்பான்?"

மாடியில் ஸ்கேன் சென்டர். கீழே என் மருந்துக் கடை. சிதம்பரத்தில் எட்டு வருடமாக இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே போகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். மூளையின் அலையைக் காகிதத்தில் எழுதிக்காட்டும் டெஸ்டுக்கு மேலே தொள்ளாயிரம் ரூபாய். டாக்டர் ஃபீஸ் தனி.

அமிர்தம் கடலூர்க்காரி. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கடலோரத்தில் அவள் எந்த ஊர் என்பதை எழுத மாட்டேன். எழுதினால் கையை வெட்டிவிடுவாள். நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டாள். புடவைத் தலைப்பைத் தானே ஒருமுறை மோந்துவிட்டு, "வேணாம் தம்பி, ஒன் கடைக்கு வர்றவங்க மூஞ்ச சுளிப்பாங்க" என்பாள். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு மாறி உட்கார்ந்ததைச் சொல்லிச் சிரிப்பாள். வலிப்பு என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. 'அது' என்பாள். "பொங்கலுக்கு மறுநாளு அது வந்துச்சி."

முதல்முறை 'அது' வந்தது நடுக்கடலில், சடையப்பன் என்பவரின் படகில். கூட இருந்த நாலு பேர் அவனை அமுக்கிப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அவனை எந்தப் படகிலும் ஏற்றுவதில்லை. "ஒரு வருசம் வராம இருக்கட்டும், நானே வந்து கூட்டிகினு போறேன்" என்று சடையப்பன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வருடத்துக்காகத்தான் அமிர்தம் இவ்வளவு பாடுபடுகிறாள். கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாவே கிடைக்குமே என்று ஒருமுறை கேட்டேன். "அங்க போனா எங்க ஊரு சனம் பாதி கியூவுல நிக்கும். வருசத்துக்கு ஒரு தடவதான் வருதுன்னு சடையப்பன் நெனச்சிகினு இருக்காரு. அத நீ கெடுக்காத" என்றாள்.

2008இல் முதல் டெஸ்ட். அப்போது ஆறு மாதத்துக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை மாதம் தவறாமல் என்னிடம் வாங்கினாள். ஆறு மாதமும் 'அது' எட்டிப் பார்க்கவில்லை. மாத்திரையை நிறுத்தினாள், வந்துவிட்டது. டெஸ்டில் ஏற்றிய கரண்ட்டின் வேகம் குறைந்துவிட்டது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தலையில் இருபது இடத்தில் பசை தடவி ஒயர் ஒட்டினால், வைத்தியம் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பாள்? மாத்திரை மாதம் நூற்றைம்பது. அதை வாங்காமல் ஆறு மாதம் மிச்சம் பிடித்தால் தொள்ளாயிரம். ஒரு கரண்ட்.

"மாத்திர ஒழுங்கா சாப்புடறானா?" என்று டாக்டர் கேட்பார். "சாப்புடறான் சார்" என்பாள் இவள். மாத்திரைக்கும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று அவர் மறுபடியும் டெஸ்டுக்கு எழுதுவார். அந்தச் சீட்டு எழுதுகிற கைக்கு மேலிருந்து எவ்வளவு திரும்பிப் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கட்டடம் மேலே சென்டர் நடத்துகிறவருடையது. என் கடை வாடகைக் கடை.

மூன்றாவது டெஸ்டின்போதே அவள் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. சிரித்தேன். அதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் ஆறாவது டெஸ்ட். இறங்கி வந்தபோது விஜயகுமார் தலையில் வழக்கம்போலத் துண்டு. உள்ளே மயிரோடு மயிராக வெள்ளைப் பசை. மூன்று நாள் தலையில் தண்ணீர் பட விடமாட்டாள். "மருந்து உள்ள எறங்க வேணாமா?" அவன் கீழுதட்டில் புதிதாக நாலு தையல், விழுந்த இடம் படிக்கட்டாம். படிக்கட்டு என்பதால் தையலோடு போயிற்று. தண்ணீரில் விழுந்திருந்தால்?

"பத்து நாளைக்கு மாத்திர குடு தம்பி. டாக்டரு கேட்டா வாங்குனதா காட்டணும், அவரு மனசு கோணக் கூடாது."

என்னால் முடியவில்லை. "அமிர்தம்மா, அது கரண்ட்டே இல்ல. படம் புடிக்கிற மாதிரி. அதால ஒண்ணும் கொணமாவாது. மாத்திரதான் வைத்தியம்" என்றேன்.

"யோவ்!" தம்பி போய் யோவ் வந்துவிட்டது. "படம் புடிக்க தொள்ளாயிரமா? என் கல்யாணத்துக்கே போட்டோக்காரன் அவ்ளோ வாங்கல. மாத்திர விக்கலன்னு வயித்தெரிச்சல் ஒனக்கு."

அந்த நேரம் பார்த்து, ஒயர் ஒட்டுகிற பெண் ப்ரீத்தி டீ குடிக்க இறங்கி வந்தாள். அமிர்தம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, நீ சொல்லு. நீதான கரண்ட் குடுக்கற? அது எறங்கத்தான மூணு நாளு தலையில தண்ணி படாம வெக்கிறேன்?"

ப்ரீத்தி என்னைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான் ஒண்ணும் குடுக்கலம்மா. உங்க பையன் மூளையில ஓடறத மிஷினு எழுதுது, அவ்ளோதான். பசை, ஒயரு ஒட்டறதுக்கு. நீங்க இது வரைக்கும் தலைய அலசாமயா இருந்தீங்க?" என்றாள்.

விஜயகுமார்தான் முதலில் பேசினான். தையல் போட்ட உதட்டால் சரியாகப் பேச வரவில்லை. "அப்ப அந்த ஆறு மாசம் மாத்திரையாலதான் நல்லா இருந்தனா யம்மா? உடாம சாப்ட்டிருந்தா, இந்நேரம் போட்டுக்குப் போயிருப்பேன்?"

நான் ஒரு மாதத்து மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தேன். காசு அப்புறம் தரட்டும் என்றேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

மகனைத் தோளைப் பிடித்து அழுத்தி என் கடைப் படியில் உட்கார வைத்தாள். துண்டை உருவினாள். நான் குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரைக் கேட்காமல் எடுத்து, அவன் தலையில் அப்படியே கவிழ்த்தாள். பிறகு, மீனுக்குச் செதில் எடுக்கிற அந்தக் கட்டைவிரல் நகத்தால் பசையைச் சுரண்ட ஆரம்பித்தாள். "வலிக்குது யம்மா" என்றான். அவள் விடவில்லை. சுரண்டிச் சுரண்டித் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டிருந்தாள்.