ஜெர்கின் பையோடு மலையேறிய டிஸ்க்

சகோதரிகளே, என் கணவர் மவுத்தானது ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. நெஞ்சு வலிக்கிறது என்றார், தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

ஒடுகத்தூரில் எங்களுக்கு மண்டி. ஜவ்வாது மலைக்காரர்களின் சாமையையும் புளியையும் வாங்கி, இயற்கை விளைச்சல் என்ற சான்றிதழோடு வெளியூருக்கு அனுப்புகிறோம். யாருடைய நிலம், என்ன விதைத்தார், மருந்து அடித்தாரா என்பதெல்லாம் மண்டிக் கம்ப்யூட்டரில் இருக்கும். அது இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. மலை ஜனங்கள் பாடுபட்டதெல்லாம் சாதாரணச் சரக்காகிவிடும். அதனால் பேக்கப் சாஃப்ட்வேர் ஒன்று வாங்கி, நானும் அவரும் உட்கார்ந்து போட்டோம். வாராவாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைத் தன் ஜெர்கின் உள்பையில் போட்டுக்கொள்வார். மண்டியிலேயே வைத்தால் தீப்பிடித்தால் இரண்டும் போய்விடும் என்பார். இணையத்திலும் ஒரு நகல் வைக்கலாம் என்று பேசினோம், பேசியதோடு சரி.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாது. மண்டி பூட்டிக் கிடந்தது. நாற்பதாம் நாள் எங்கள் வழக்கப்படி அவர் துணிமணிகளை ஏழைகளுக்குக் கொடுத்தோம். மலையில் குளிர் என்று மூட்டையை நெல்லிவாசல்நாட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். மடித்தது நான்தான். பாக்கெட்டில் கை விட மனசு வரவில்லை.

பிறகு என் தம்பி சலீம் மண்டியைத் திறந்தான். அந்த வாரமே இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகிவிட்டது. சான்றிதழ் ஆய்வுக்கு ஆட்கள் வரும் சமயம்.

"அக்கா, மச்சான் டிஸ்க்க எங்க வெச்சிருந்தாரு?"

"ஐயோ, ஜெர்கின்லடா!" என்று கத்திவிட்டேன்.

சலீம் மலையேறி ஊர் ஊராக விசாரித்தான். ஜெர்கின் யாருக்குப் போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெறுங்கையோடு வந்தான். அன்று தொழுகையில் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து அழுதேன். அழுதேன் என்ன, சண்டையே போட்டேன். "யா அல்லாஹ், அவரைத்தான் எடுத்துக்கொண்டாய். அவர் உழைப்பையாவது விட்டுவை. அந்த மலை ஜனங்கள் என்ன பாவம் செய்தார்கள்?" கேட்டுவிட்டுப் பயந்துபோய் மன்னிப்பும் கேட்டேன்.

அடுத்த ஜும்ஆ அன்று தூறல். வாசலில் ஆள் வந்த சத்தம். சலீம் போனான், நான் திரைக்குப் பின்னால் நின்றேன். இடுக்கில் அவருடைய ஜெர்கின் தெரிந்தது. அதே பழுப்பு, அதே கிழிந்த கை. ஒரு நொடி அவரே வந்துவிட்டார் என்று நம்பிவிட்டேன் சகோதரிகளே. கூப்பிட வாயைத் திறந்தேன். கேட்ட குரல் வேறு.

"நெல்லிவாசல்நாட்லேர்ந்து வர்றேங்க. வெளியூர் வேலைக்குப் போய்ட்டு நேத்துதான் வந்தேன். எங்க வீட்டுக்குக் குடுத்திருந்தாங்க, குளிருதேன்னு இத்த எட்த்துப் போட்டா, உள்பையில இது இருந்திச்சி. இன்னான்னு தெர்லீங்க. பாய் எங்க நெலத்துக்கு வர்றப்போ இந்தப் பையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவாரு. அதான் எடுத்தாந்தேன்."

டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு ஜெர்கினையும் கழற்றப் போனார்.

"வோணாம் சலீம், அவரையே போட்டுக்கச் சொல்லு" என்று திரைக்குப் பின்னாலிருந்தே தேம்பினேன்.

புதுக் கம்ப்யூட்டரில் அதே சாஃப்ட்வேரைப் போட்டு, நான் போனில் சொல்லச் சொல்ல சலீம் செய்தான். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். முதலில் ஒரே ஒரு நிலத்தை மீட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"அக்கா, வந்துட்ச்சி!"

அல்ஹம்துலில்லாஹ். எல்லாம் வந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும். கடைசி வரி அவர் தட்டியது. அதற்குக் கீழே காலி.

சான்றிதழ் தப்பியது. இத்தா முடிந்து இப்போது நானே மண்டியில் உட்கார்கிறேன். நகல் இணையத்திலும் போகிறது. முதல் நாள் அந்தக் காலி இடத்தில் பிஸ்மில்லாஹ் சொல்லித் தட்டினேன். முன்பெல்லாம் தொழுகையை அவசரமாக முடிப்பேன், இப்போது அப்படி அவசரப்பட மனசு வருவதில்லை.

எல்லாம் போய்விட்டது என்று யாராவது உட்கார்ந்திருந்தால் அல்லாஹ்விடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவன் துரத்திவிட மாட்டான். என் கணவருக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள். அவரை அவன் திருப்பித் தரவில்லை, அவர் பாடுபட்டதைத் தந்தான். அழுதுகொண்டேதான் நன்றி சொல்கிறேன்.