நான் சொன்ன தேதி

அரிமளத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது, அந்த ஊரில் எங்கள் சபையைச் சேர்ந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் ஆங்கிலிக்கன் சபை மற்றச் சபைகளோடு ஒன்றாகி ஓரிரு வருடம் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கம் தெரு முழுக்கக் கிறிஸ்தவர்கள் இருந்த ஊரில் பிறந்தவள் நான். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபப்புத்தகத்தைத் திறப்பேன். குருவானவர் சொல்ல வேண்டியதையும் நானே சொல்வேன், சபையார் சொல்ல வேண்டிய பதிலையும் நானே சொல்வேன். பாவமன்னிப்பை மட்டும் எனக்கு நானே கூறிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். அந்தப் பத்தியைத் தாண்டிவிடுவேன்.

புதுக்கோட்டையில் ஒரு கம்பவுண்டர் வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் ஐக்கியக் கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் பழைய ஆங்கிலிக்கன்கள்தான், ஆனால் புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது அவர்களுக்குப் போதாது. வேதத்தைத் திறந்துவைத்து, மனதில் வந்ததைச் சொல்லி, கண்ணீர்விட்டு ஜெபிப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எட்டுப் பேரும் போய் நிற்பார்கள். என்னை அவர்கள் உள்ளே அழைத்து உட்காரவைத்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. வேதவசனம் என்னைத் தொட்டுவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் எழுந்து, பாவத்தை விட்டு மனந்திரும்பித் தான் இரட்சிக்கப்பட்ட நாள் எது என்று சாட்சி சொல்ல வேண்டும். கம்பவுண்டர் அதைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் குறித்துவைப்பார்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு எந்த நாளுங்க?" என்று கேட்டார்.

எனக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. கைக்குழந்தையில் ஞானஸ்நானம், பதினாலு வயதில் சபையின் முழு அங்கமாக்கும் திடப்படுத்தல். விசுவாசம் எப்போது வந்தது என்று கேட்டால், பேச்சு எப்போது வந்தது என்பதற்குச் சொல்கிற பதில்தான் அதற்கும். இல்லை என்று சொல்லியிருந்தால் விரட்டியிருக்க மாட்டார்கள். எனக்காக ஜெபிக்கத் தொடங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருத்தியாக ஆகியிருக்க மாட்டேன். வாய் தானாக மார்ச் மாதத்தில் ஒரு தேதியைச் சொன்னது. பெரிய பக்திமான் போலக் கண்ணை வேறு மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு வருடாவருடம் அந்தத் தேதிக்கு எட்டுப் பேரும் கேசரி கிண்டிக்கொண்டு அரிமளத்துக்கு வந்துவிடுவார்கள். என் அறையில் இடம் போதாமல் இடித்துக்கொண்டு நின்று பாடுவார்கள். வீட்டுக்கார அம்மாள் அதை என் பிறந்தநாள் என்றே நினைத்திருந்தார். ஒரு வருடம் எனக்கு டைபாய்டு வந்தது. கம்பவுண்டர் மனைவி வந்து தங்கி, கஞ்சி வைத்து, துணி துவைத்துப் போட்டு, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேதம் வாசித்தார். கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள். எனக்கோ கஞ்சி இறங்கவில்லை. அவர்கள் பாசம் எல்லாம் அந்தத் தேதிக்காரி மேல். அவள் பங்கைத் திருடித் தின்பதாகவே எனக்குத் தோன்றியது. அறையில் தனியாக இருந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

உடம்பு தேறியதும் வந்த முதல் கூட்டத்தில், சாட்சி நேரத்தில் எழுந்தேன். போனால் போகட்டும், நான் யார் என்று தெரிந்து ஒருவராவது என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"அப்படி ஒரு நாளே எனக்குக் கிடையாதுங்க. நான் சொன்னது பொய். தனியா இருக்க முடியாமச் சொல்லிட்டேன்."

கம்பவுண்டர் மனைவி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கம்பவுண்டருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஸ்தோத்திரம். பாவத்தை அறிக்கை பண்ணிட்டீங்க. இன்னைக்குத்தான் டீச்சரம்மா ஒங்க நாளு."

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அவர் பென்சிலை எடுத்துப் போய் காலண்டரில் அன்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். எட்டுப் பேரும் கைதட்டிப் பாடினார்கள், நானும் பாடினேன். தனியாக இருக்க முடியவில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.